மழைக்கு முன்னாடி வீட்டு சாக்கடையை கவனிங்க! கழிவுநீர் வீட்டுக்குள் புகாமல் தடுப்பது எப்படி?

சென்னை, அக்.-

வடகிழக்கு பருவமழை நெருங்கி விட்டது. வழக்கமாக அக்டோபர் 20-ந்தேதியை ஒட்டி தொடங்கும் இந்த மழை டிசம்பர் வரை நீடிக்கும். சென்னைக்கு வருடம் முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் இந்த 3 மாதத்தில்தான் கொட்டுகிறது.

மழை என்றதும் எல்லோரும் ரோட்டில் தேங்கும் தண்ணீரைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் தரைதளத்தில் குடியிருப்பவர்களை அதிகம் அழ வைப்பது அது இல்லை. கக்கூஸ் கோப்பை வழியாகவும், பாத்ரூம் ஓட்டை வழியாகவும் பொங்கி வரும் சாக்கடைதான். வாசலில் மணல் மூட்டை அடுக்கினாலும் இதை தடுக்க முடியாது. வீட்டுக்கு உள்ளே இருந்தே கிளம்பும். அரிசி மூட்டை, பாய் தலையணை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் நாசம். தண்ணி வடிந்த பிறகும் நாற்றம் போக பல நாள் ஆகும்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு மழை வந்தால் எந்த குழாயும் தாங்காது. ஆனால் சாதாரண மழைக்கே வீட்டுக்குள் சாக்கடை வருகிறது என்றால் 2 காரணம் உண்டு. ஒன்று, தெருவில் போகும் மெயின் லைன் தூர்ந்து கிடக்கலாம். அதை குடிநீர் வாரியம்தான் சரி செய்ய வேண்டும். இன்னொன்று, நம்ம வீட்டு குழாயிலேயே இருக்கும் கோளாறு. அதை நாமே இப்போதே சரி செய்து விடலாம்.

மாடி தண்ணி எங்கே போகுது?

தெருவில் 2 விதமான வழி இருக்கிறது. மழை தண்ணி போக மழைநீர் வடிகால். கக்கூஸ், குளியலறை, சமையலறை தண்ணி போக பாதாள சாக்கடை. பாதாள சாக்கடை குழாய் வீட்டு கழிவுக்கு மட்டும் கணக்கு பண்ணி போட்டது. மழை தண்ணி அதில் சேர்ந்தால் தாங்காது.

ஆனால் பல வீடுகளில் மொட்டை மாடி மழை குழாயை சாக்கடை சேம்பரிலேயே இறக்கி விட்டிருக்கிறார்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9 ஆயிரத்து 300 லிட்டர் தண்ணி சேரும். அதாவது ஒரு தண்ணி லாரி அளவு. தெருவில் 20 வீட்டுக்காரர்கள் இப்படி செய்தால் 20 லாரி தண்ணி சாக்கடை குழாயில் இறங்குகிறது. குழாய் நிரம்பியதும் பள்ளத்தில் இருக்கும் வீட்டு கக்கூஸ் வழியாக வெளியே வருகிறது. தப்பு செய்தது ஒருவர், அவதிப்படுவது இன்னொருவர்.

உங்க வீட்டில் எப்படி என்று கண்டுபிடிப்பது சுலபம். மாடியில் மழை குழாய் வாயில் 2 பக்கெட் தண்ணி ஊத்துங்க. கீழே ஒருவர் சேம்பர் மூடியை திறந்து பார்க்கட்டும். அதில் தண்ணி வந்தால் இணைப்பு தப்பு. பிளம்பரை வைத்து அந்த குழாயை மழைநீர் சேகரிப்பு தொட்டிக்கு திருப்பி விடுங்க. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு முதல் எல்லா கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தொட்டியில் கிடக்கும் மணல், ஜல்லியை அள்ளி கழுவி போட்டால்தான் தண்ணி இறங்கும்.

மாடியில் குளம் வேண்டாம்

மாடி ஓட்டையில் இலை, பிளாஸ்டிக் கவர், பிள்ளைகள் விளையாடிய பந்து என்று எதுவாவது அடைத்திருக்கும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு அங்குலம் தண்ணி நின்றாலே அதன் எடை 2 டன்னுக்கு மேல். பழைய கட்டிடம் என்றால் இது ஆபத்து. சுவரில் ஓதம் ஏறும், காரை பெயர்ந்து விழும். ஓட்டையை சுத்தம் செய்து ஜல்லடை மாட்டி விடுங்க. மழைக்கு நடுவிலும் ஒரு தடவை மேலே போய் பாருங்க.

சேம்பரை திறந்து பாருங்க

வீட்டை சுற்றி இருக்கும் சின்ன தொட்டிகள்தான் சேம்பர். மூடியை திறந்தால் தண்ணி தேங்காமல் ஓட வேண்டும். நின்று கொண்டிருந்தால் அடுத்த சேம்பருக்கு போகும் குழாயில் அடைப்பு. வெளியே நின்றபடி மூங்கில் பிளாச்சு விட்டு குத்தி எடுத்தால் போதும். வெளியே வரும் அழுக்கை அள்ளி விடுங்க, மறுபடி உள்ளே தள்ளாதீங்க.

அடைப்புக்கு பெரிய காரணம் சமையல் எண்ணெய். குழாயில் போய் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோறு, தலைமுடி, டீத்தூள் சேர்ந்து கெட்டியாகி விடும். நாப்கின், குழந்தை டயப்பர், பான் பாக்கெட் எதையும் கக்கூஸில் போடக்கூடாது.

ஆசிட் ஊத்தி அடைப்பு எடுக்கும் பழக்கமும் வேண்டாம். முக்கியமாக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊத்தாதீங்க. இரண்டும் கலந்தால் குளோரின் விஷ வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் மூச்சு திணறி உயிருக்கே ஆபத்தாகி விடும்.

தரைதளத்துக்கு ஒரு வால்வு

வருடா வருடம் சாக்கடை ஏறும் வீடாக இருந்தால் கடைசி சேம்பருக்கும் தெரு லைனுக்கும் நடுவில் என்.ஆர்.வி. எனப்படும் ஒருவழி வால்வு போடலாம். நம்ம தண்ணி வெளியே போகும். தெரு தண்ணி திரும்பி வந்தால் உள்ளே இருக்கும் மடல் மூடிக்கொள்ளும். ஆனால் அதில் துணி, முடி சிக்கினால் மூடாது. மழைக்கு முன்பு கழுவி விட வேண்டும். வால்வு மூடி இருக்கும்போது நம்ம வீட்டு தண்ணியும் போகாது என்பதையும் மறக்காதீங்க.

வாடகை வீடு என்றால் இந்த வேலை ஓனர்தான் செய்து தர வேண்டும். மழை வந்த பிறகு கேட்டால் பிளம்பர் கிடைக்க மாட்டார். இப்போதே பேசி விடுவது நல்லது.

குபுகுபு சத்தம் வந்தால் உஷார்

மழை நேரத்தில் கக்கூஸ் கோப்பையில் தண்ணி குபுகுபு என்று கொப்பளித்தால் மெயின் லைன் நிரம்பி விட்டது என்று அர்த்தம். உடனே தண்ணி ஊத்துவதை நிறுத்துங்க. மாடி வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்க. அவர்கள் துணி துவைத்தால் அந்த தண்ணி கீழ் வீட்டில்தான் வரும்.

கெட்டியான பிளாஸ்டிக் பையில் மணலை நிரப்பி வாயை இறுக்கி கட்டுங்க. ஒன்றை கக்கூஸ் கோப்பையிலும், ஒன்றை பாத்ரூம் ஓட்டை மேலும் அழுத்தி வைங்க. முழுசாக நிற்காது. ஆனால் பொருட்களை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும்.

ரோட்டில் தண்ணி வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியை மட்டும் திறக்காதீங்க. தேங்கிய தண்ணியில் குழி இருப்பது தெரியாது. நடந்து வருபவர் அப்படியே உள்ளே போய் விடுவார்.

செப்டிக் டேங்கில் ஆளை இறக்காதீங்க

பாதாள சாக்கடை வராத புறநகர் பகுதிகளில் செப்டிக் டேங்க்தான். இதை 2 அல்லது 3 வருடத்துக்கு ஒரு முறை லாரி வைத்து எடுக்க வேண்டும். மழைக்கு முன்பே எடுத்து விடுங்க. நிலத்தடி நீர் ஏறிய பிறகு டேங்கை முழுசாக காலி செய்தால், சுற்றி இருக்கும் தண்ணி பிளாஸ்டிக் டேங்கை மேலே தூக்கி விடும். கட்டிய டேங்க் என்றால் விரிசல் விடலாம்.

அடைப்பு என்று சொல்லி ஆளை உள்ளே இறக்குவது மகா தப்பு. உள்ளே விஷ வாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாது. ஆள் அப்படியே மயங்கி விழுவார். அவரை காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து பலியாவதுதான் பல சம்பவங்களில் நடந்திருக்கிறது.

2013-ம் ஆண்டு சட்டப்படி பாதுகாப்பு கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வீட்டு ஓனருக்கும் இது பொருந்தும். பலியானவர் குடும்பத்துக்கு கொடுக்க வேண்டிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு ரூ.10 லட்சத்தில் இருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தியது. 14420 என்ற எண்ணுக்கு போன் செய்தால் லாரிக்கு ஏற்பாடு செய்யலாம். டேங்கின் காற்று குழாய் வாயில் கொசுவலை துணி கட்டி விடுங்க. கொசு அங்கிருந்துதான் படை எடுக்கிறது.

சம்ப் தண்ணி ஜாக்கிரதை

தரை மட்டத்தில் சம்ப் மூடி இருந்தால் அரை அடி தண்ணி தேங்கினாலே சாக்கடை உள்ளே இறங்கி விடும். கொத்தனாரை வைத்து சுற்றி ஒரு அடி உயரத்துக்கு செங்கல் கட்டி பூசி, இறுக்கமான மூடி போட வேண்டும்.

சாக்கடை கலந்து விட்டால் அந்த தண்ணியை மேல் டேங்குக்கு ஏற்றாதீங்க. முழுவதையும் வெளியேற்றி, தேய்த்து கழுவி, புது தண்ணி பிடிங்க. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். அதை ஒரு பக்கெட் தண்ணியில் கரைத்து, வண்டல் அடியில் தங்கியதும் தெளிந்த தண்ணியை மட்டும் ஊத்தி ஒரு மணி நேரம் கழித்து பயன்படுத்துங்க. குடிக்க கொதிக்க வைத்த தண்ணிதான். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரை கரைசல் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க.

மோட்டாரும் சுவிட்சும் தண்ணி ஏறாத உயரத்தில் இருக்கட்டும். ஈரத்தில் நின்று சுவிட்ச் போடாதீங்க. மோட்டார் நனைந்து விட்டால் எலக்ட்ரீசியன் பார்த்த பிறகே ஓட்டணும். வீட்டுக்குள் தண்ணி வரும் போல இருந்தால், கால் நனையும் முன்பே மெயினை ஆப் செய்யணும்.

யாரிடம் புகார்?

சென்னையில் பாதாள சாக்கடை பொங்கினால் குடிநீர் வாரியத்துக்கு 1916. மழைநீர் வடிகால் அடைப்பு, தேங்கிய தண்ணி என்றால் மாநகராட்சிக்கு 1913. கரண்ட் பிரச்சினைக்கு மின்னகம் 94987 94987. புகார் எண்ணை மறக்காமல் குறித்து வைங்க. மறுபடி கேட்கும்போது அதுதான் கை கொடுக்கும். தெருவில் 4 வீட்டுக்காரர்கள் தனித்தனியாக புகார் கொடுத்தால் இன்னும் நல்லது.