பத்து டாலர் நோட்டில் எங்க ஊர் பேர்

போன குளிர்காலத்தில் என் பையன் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாசலில் பனி அள்ளிக் கொடுத்தான். அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து பத்து டாலர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஓடி வந்தவன், "அம்மா, இதுல நம்ம ஊர் பேர் போட்டிருக்கு!" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். 1929 வரிசை, பழுப்பு முத்திரை. பென்சில்வேனியாவில் நாங்கள் இருக்கும் சின்ன ஊரின் பெயர். எப்போதோ மூடிப்போன ஒரு வங்கியின் பெயர். கசங்கியிருக்கே என்று அயர்ன் பண்ணப் போனேன். நல்லவேளை, முதலில் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

1863 முதல் 1935 வரை அமெரிக்காவில் நேஷனல் வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்டன. அதற்கு ஈடாக அரசாங்கக் கடன் பத்திரங்களை ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு சார்ட்டர் எண் உண்டு. அந்த நோட்டுகள் இன்றும் செல்லும். என் பையன் கடையில் கொடுத்திருந்தால் பத்து டாலருக்குச் சாமான் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. நியூயார்க், சிகாகோ மாதிரி ஊர்களின் பெரிய வங்கி நோட்டுகள் நிறைய மிச்சமிருக்கின்றன. சின்ன ஊர் வங்கியின் நோட்டு ஒன்றிரண்டே தப்பியிருந்தால், ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தும் வாங்குவார்கள். அடுத்தது, நோட்டின் நிலை. மடிப்பு, கிழிசல், ஊசித் துளை எல்லாம் விலையைக் குறைக்கும். கழுவினால், அயர்ன் பண்ணினால், டேப் ஒட்டினால் இன்னும் குறையும். விலை தெரிய, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீங்க. ஏலத்தில் நிஜமாகப் போன தொகையைப் பாருங்க.

எங்கள் நோட்டு அபூர்வ வகை என்று தெரிந்ததும் பையன் லேப்டாப் வாங்கக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

"பாட்டிக்கு இது தெரியுமாடா?" என்றேன்.

"அவங்கதானே குடுத்தாங்க!"

அதுவும் நியாயம்தான். எனக்கும் சபலம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் நோட்டு சாமி அலமாரியில் இருந்தது. மூன்றாம் நாள் அவனே, "வாம்மா, சொல்லிட்டு வந்துடலாம்" என்றான்.

பாட்டி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அவர் அப்பா வைத்திருந்ததாம். பேத்திக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டு, இவனுக்கு வேறு பத்து டாலர் கொடுத்தார்.

வழியெல்லாம் பையன் பேசவே இல்லை. அடுத்த பனிக்கு, நான் சொல்லாமலே மண்வெட்டியோடு அவர் வாசலுக்குப் போனான்.