பத்து இருபத்தைந்தில் நின்ற மணிக்கூடு

இத்தாலி தேசத்துப் பொலோனா நகரின் புகையிரத நிலைய முகப்பிலே ஒரு மணிக்கூடு உண்டு. காலையாயினும் மாலையாயினும் அது பத்து மணி இருபத்தைந்து நிமிடத்தையே காட்டும். திருத்துவாரின்றிக் கிடக்கிறதென எண்ண வேண்டாம். வேண்டுமென்றே அவ்வாறு நிறுத்தி வைத்துள்ளனர்.

1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி, சனிக்கிழமை. விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்களால் நிலையம் நிறைந்திருந்தது. இரண்டாம் வகுப்புப் பிரயாணிகளின் தங்குமண்டபத்தில் வைக்கப்பட்டிருந்த குண்டு அந்நேரத்திலேதான் வெடித்தது. 85 பேர் மாண்டனர். இருநூறு பேர் வரையில் காயமுற்றனர். காயப்பட்டோரை ஏற்றவே நோயாளர் வண்டிகள் போதவில்லை. ஆதலால் 37ஆம் இலக்க பஸ் வண்டியின் யன்னல்களை வெள்ளைத் துணியால் மறைத்து, இறந்தோரை அதிலே கொண்டு சென்றார்கள்.

மறு ஆண்டு ஜூன் மாதத்தில், இறந்தோரின் உறவினர் ஒரு சங்கம் அமைத்தனர். மகனை இழந்த தொர்க்குவாத்தோ செச்சி என்பவர் அதன் முதல் தலைவர். உதவிப்பணம் கேட்பதற்குக் கூடிய சங்கமன்று அது. செய்தவர் யார், செய்வித்தவர் யார், மறைத்தவர் யார் என்று கேட்பதற்கே அவர்கள் கூடினர்.

மூன்றாவது கேள்வி வீண் ஐயத்தில் எழுந்ததன்று. 1981 ஜனவரியில் தாரந்தோவிலிருந்து மிலான் செல்லும் புகையிரதத்தில் வெடிமருந்துப் பெட்டியொன்று அகப்பட்டது. குற்றவாளிகள் அந்நியர் என்று காட்டுவதற்காக அதனை அங்கே வைப்பித்தவர்கள் இராணுவ உளவுத்துறையினரே! நாட்டைக் காக்கச் சம்பளம் பெற்றவர்கள், கொலையாளிகளைக் காக்க உழைத்தார்கள். 1995இல் அதியுயர் நீதிமன்றம் தீவிர வலதுசாரிகள் இருவரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. (அவ்விருவரும் இக்குற்றத்தை என்றும் ஒப்புக்கொண்டதில்லை.) விசாரணையைத் திசைதிருப்பியமைக்காக உளவுத்துறை அதிகாரிகள் இருவரும், இரகசியச் சங்கத் தலைவர் லிச்சியோ ஜெல்லியும் அதே தீர்ப்பில் தண்டனை பெற்றனர்.

படுகொலை வழக்குகளில் 'அரசாங்க இரகசியம்' என்னும் திரையே இருத்தலாகாது என்று 1984இலேயே குடும்பத்தார் மனுக் கொடுத்திருந்தனர். கோப்புகளைத் திறக்குமாறு பிரதமர் கட்டளையிட்டதோ 2014இல். முப்பது ஆண்டுகள்! அப்பொழுதும் வந்தவை அரைகுறைக் காகிதங்களே என்று சங்கத்தார் குறைகூறினர்.

ஆயினும் அவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. பழைய வழக்கேடுகளைத் தாமே பக்கம் பக்கமாகப் படித்து, ஒப்புநோக்கி, பெரியதோர் அறிக்கையாக்கி வழக்குத் தொடுநரிடம் கையளித்தனர். புது விசாரணை பிறந்தது. குண்டு வெடித்த காலையில் சுற்றுலாப் பயணி ஒருவர் எடுத்த சிறு படச்சுருள் பழைய சான்றுகளிடையே கிடந்தது. அதிலே தெரியும் மனிதர் பாவுலோ பெல்லினி என்று அவரது முன்னாள் மனைவியே நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினார். 2022இல் பெல்லினிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2025இல் அது உறுதியாயிற்று. செய்வித்தோர் என்று குறிக்கப்பட்ட ஜெல்லி முதலிய நால்வரும் அதற்கு முன்பே இறந்துவிட்டனர். செச்சியும் 1996இல் காலமானார்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 2ஆம் நாள் குடும்பத்தார் நகரச் சதுக்கத்திலிருந்து நிலையம் வரை நடந்து செல்கின்றனர். அங்கே மேடையேறிய அமைச்சர்களை மக்கள் கூக்குரலிட்டு இகழ்ந்த ஆண்டுகளும் உண்டு. மரியாதைக் குறைவென்று நாம் அதனைச் சொல்லமாட்டோம். பத்து இருபத்தைந்துக்குப் புகையிரதம் ஊதும். கூட்டம் முழுவதும் மௌனமாய் நிற்கும்.