ஷார்பே குட்டிகளின் உள்மடிந்த இமைகள்

ஷார்பே நாய்க்குட்டி கண் திறப்பது பிறந்த இரண்டாவது வாரத்தில். சில குட்டிகளுக்கு அடுத்த சில நாள்களிலேயே இமையோரம் உள்பக்கமாகச் சுருண்டு, மயிர் முளைத்த தோல் கருவிழியை உரசத் தொடங்கிவிடும். மருத்துவர்கள் இதை என்ட்ரோபியான் என்கிறார்கள். தென்சீனத்துக் குவாங்டாங் பகுதியின் இந்த நாய் இனம் அழியும் நிலைக்கு வந்தபோது, 1973இல் ஹாங்காங்கின் நாய் வளர்ப்பாளர் மாட்கோ லா உதவி கேட்டு அமெரிக்கர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். நாய்கள் அமெரிக்கா போன பிறகு, அங்கே சுருக்கம் மிகுந்த குட்டிகளையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். தோலில் ஹயலூரானிக் அமிலம் அளவுமீறிச் சேர்வதால் வரும் சுருக்கம் அது. இமை மடிவதும் அதோடு சேர்ந்தே வருகிறது.

உரசினால் வலிக்கும்; வலித்தால் குட்டி கண்ணை இறுக்கி மூடும்; இறுக்க இறுக்க இமை இன்னும் உள்ளே மடியும். நீர் வடிதல், பீளை, கூச்சம் என்று தொடங்குவது கருவிழியில் புண்ணாகும். ஃபுளோரசின் சாயம் விட்டுப் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். கவனிக்காமல் விட்டால் கருவிழியில் துளை விழுந்து பார்வையே போகலாம்.

ஆனாலும் குட்டிப் பருவத்தில் இமைத் தோலை வெட்டியெடுப்பது பெரும்பாலும் தவறு. முகம் இன்னும் வளர வேண்டியிருக்கிறது. இன்று சரியாகத் தெரியும் இமை, தலை பெரிதானதும் வெளிப்பக்கம் பிதுங்கித் தொங்கலாம். அதனால் முதல் சிகிச்சை தற்காலிகத் தையல்தான். இமையோரத்தை ஒட்டிய தோலை மடித்து, கரையாத நூலால் சில தையல்கள் போட்டு இமையை வெளிப்பக்கம் இழுத்து நிறுத்துவார்கள். நூல் முனை கண்ணில் படாதபடி முடிச்சுப் போடுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரம் தையல் நிற்கும். அவிழ்ந்தால் மறுபடி போடலாம். வலி நின்று, முகமும் வளர, பல குட்டிகளுக்கு இதுவே போதுமானதாகிவிடுகிறது.

போதாத நாய்களுக்கு, முகம் முதிர்ந்த பின், பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி, ஹாட்ஸ்-செல்சஸ் அறுவை செய்யப்படுகிறது. இமையோரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, பிறை வடிவத்தில் தோலையும் அதனடியில் மெல்லிய தசைக்கீற்றையும் எடுத்துவிட்டுத் தைப்பார்கள். எவ்வளவு எடுப்பது என்பதை மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். மரப்புச் சொட்டு விட்டு வலியிறுக்கம் தளர்ந்த பிறகும் மடிந்தே இருக்கும் அளவுதான் உண்மையான குறை. சற்றுக் குறைவாக எடுப்பதே நல்லது. மிச்சத்தைப் பிறகு திருத்தலாம், அதிகமாக வெட்டியதை ஈடுகட்டுவது கடினம். பின்னர் களிம்பும் கழுத்துக் கூம்பும் தையல் பிரிக்கும்வரை தேவை.

அறுவை இமையை மாற்றும், மரபணுவை மாற்றாது. அதனால் இந்தக் குறையுள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. நாய் முதிர்ந்திருந்தால், அதே மயக்கத்தில் கருத்தடையையும் செய்துவிடலாம்.