எதிர்கால ஆராய்ச்சியும் கூட்டு முயற்சியும்

நாளை நிகழவிருப்பதை இன்றே அறிய விழைதல் மாந்தர்க்கு இயல்பு. சோதிடமும் குறியும் அவ்விழைவிற் பிறந்தவை. இருபதாம் நூற்றாண்டில் அவ்விழைவே ஆராய்ச்சித் துறையொன்றாக உருப்பெற்றது. அதனை எதிர்காலவியல் என்பர். சோதிடம் இன்னது நிகழும் என ஒன்றையே துணிந்து கூறும். எதிர்காலவியலோ நிகழக்கூடியவை எவை, அவற்றுள் பெரும்பாலும் நிகழத்தக்கவை எவை, மக்கள் விரும்பி முயலத்தக்கவை எவை என மூவகையாகப் பகுத்து ஆராயும். ஆதலின், அதன் பயன் வருவதுரைத்தலன்று, வருவதற்கு ஆயத்தமாதலேயாம். திருக்குறளும் வருவதை முன்னுணர்தலை அறிவுடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தே பேசுகின்றது.

இத்துறை தனியொருவரால் வளர்ந்ததன்று. 1960ஆம் ஆண்டில் பேத்திரான் து சூவனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் பாரிசில் அறிஞர் குழுவொன்றைக் கூட்டினார். 1966இல் அமெரிக்காவில் உலக எதிர்காலக் கழகமும், 1968இல் உரோமைக் கழகமும் தோன்றின. வளர்ச்சிக்கும் எல்லையுண்டு என வாதித்த உரோமைக் கழகத்தின் 1972ஆம் ஆண்டு அறிக்கை உலகெங்கும் பெருவிவாதத்தை எழுப்பிற்று. 1967இல் ஒசுலோவிலும் 1970இல் கியோத்தோவிலும் நடந்த மகாநாடுகளின் பயனாக, 1973இல் பாரிசில் உலக எதிர்கால ஆய்வுச் சம்மேளனம் நிறுவப்பெற்றது.

பல ஸ்தாபனங்கள் ஒன்று கூடவேண்டுவது ஏன்? ஆராய்ச்சி நிலையம் அறிவைத் தேடித் தரும். ஆயின் அதனை ஊர்தோறும் கொண்டு செல்லும் ஆற்றல் அதற்கில்லை. கல்விச்சாலை இளையோரைப் பயிற்றும். ஆயின் புதிய தரவு அதன் கையிலில்லை. சமுதாயத்துக்கோ அனுபவமும் நினைவும் உண்டு. தொலைவில் நிகழ்வதை அறியுங் கருவிகள் இல்லை. இம்மூன்றும் இணையாவிடின் முன்னறிவு ஏட்டளவில் நின்றுவிடும்.

இவ்வுண்மையை இறக்கக்கண்டியில் வைத்துக் காணலாம். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே, கடலும் களப்பும் அணைந்த ஊர் அது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவுடைய பூகம்பம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கீழைக்கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரண்டு மணி நேரம் கரையிலுள்ளோர் மேட்டுநிலம் சேரப் போதுமான காலமே. பசிபிக் சமுத்திரத்தில் 1965 முதல் நாடுகள் கூடி எச்சரிக்கை முறையொன்றை நடத்திவந்தன. இந்து சமுத்திரத்திலோ அத்தகைய முறை எதுவும் இருந்ததில்லை. அறிவு உலகில் இருந்தது. அது கரைக்கு வந்து சேர வழி இருந்ததில்லை.

அவ்விடரின் பின்னர், 2005ஆம் ஆண்டில், யுனெஸ்கோவின் அரசிடைச் சமுத்திரவியல் ஆணைக்குழு கரையோர நாடுகளைக் கூட்டி இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பொன்றை நிறுவிற்று. இலங்கையும் அவ்வாண்டிலேயே அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை இயற்றியது. 2011 முதல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இச்சமுத்திரம் முழுமைக்கும் செய்தி வழங்குகின்றன; இந்திய நிலையம் ஐதராபாத்தில் உள்ளது. பூகம்பமானிகளும் கடல்மட்ட அளவிகளும் தரும் தரவுகள் செய்மதி வழியாக நிலையங்களைச் சேரும். நிலையத்தின் செய்தியை ஆராய்ந்து மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தல் அவ்வந்நாட்டின் பொறுப்பு.

2012 ஏப்பிரில் 11ஆம் நாள் இவ்வமைப்பு சோதனைக்குள்ளாயிற்று. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுடைய பூகம்பம் நிகழவே, இலங்கைக் கரையோர மக்கள் உள்நாடு நோக்கி நகர்த்தப்பட்டனர். ஆயினும் பேரலை எழவில்லை. அன்று கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தனவேயன்றி, நீரைப் பெரிதாக மேலுயர்த்தவில்லை. அலை வாராமையால் எச்சரிக்கை பொய்த்ததெனக் கொள்ளுதல் தவறு. நிகழக்கூடியதற்கு ஆயத்தமாதலே நோக்கமாதலின், அந்நாள் நோக்கம் நிறைவேறிய நாளேயாகும். இவ்வேறுபாட்டை மக்கள் உணராவிடின் அடுத்த எச்சரிக்கையை அவர்கள் புறக்கணிப்பர். ஈண்டுதான் கல்வியின் கடமை தொடங்குகின்றது.

கருவியின்றியும் கல்வி உயிர்காக்கும் என்பதற்குச் சிமலூ என்னும் இந்தோனேசியத் தீவு சான்றாகும். 1907இல் அங்கு வந்த பேரலையின் நினைவைத் தீவினர் கதையாகவும் பாட்டாகவும் வழிவழி காத்துவந்தனர். 2004இல் நிலம் நடுங்கியதும் அவர்கள் குன்றேறினர். ஏறக்குறைய 78,000 மக்களுள் மாண்டோர் எழுவரே. பூகம்பம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அண்மையிலுள்ள அத்தீவுக்கு எந்த நிலையத்தின் செய்தியும் உரிய காலத்தில் எட்டியிராது. ஆயின் இறக்கக்கண்டி போன்ற ஊர்களில் அந்நிலநடுக்கம் எச்சரிக்கையாக அமையாது. பூகம்பம் தொலைவில் நிகழ்ந்து, அலை மட்டுமே வந்து சேரும். ஆகவே, சிமலூவுக்கு நினைவு ஒன்றே போதியதாயிற்று. இறக்கக்கண்டிக்கோ நினைவோடு நிலையமும் வேண்டும்.

2030ஆம் ஆண்டுக்குள் ஆபத்துக்குரிய கரையோர ஊர்கள் யாவற்றையும் பேரலைக்கு ஆயத்தமான ஊர்களாக்குதல் ஐக்கிய நாடுகளின் சமுத்திரப் பத்தாண்டுத் திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று. இந்தியாவின் ஒடிசாக் கரையிலுள்ள இரு கிராமங்கள் 2020இல் யுனெஸ்கோவின் அத்தகைய அங்கீகாரத்தைப் பெற்றன. அதற்கு வேண்டுவன வெள்ளப் படம், வெளியேறும் வழி, ஒத்திகை, இடையறாத மக்கட்கல்வி முதலியன. இவற்றுட் பலவற்றை ஒரு பாடசாலையின் ஆசிரியரும் மாணவரும் தம் ஊராரோடு கூடித் தொடங்கலாம். 2004இன் பின் பிறந்தோர்க்கு அவ்விடர் கேள்வியறிவு மட்டுமே. அதனைப் பயன்தரும் அறிவாக்கிக் கையளித்தலே, எதிர்காலச் சிந்தனை இக்கரையிற் செய்யத்தக்க முதற் பணியாகும்.