நான்கு சர்க்கரைக் கட்டிகள்

மேடையில் ஒருவர் இன்னொருவரைத் திட்டினால் அரங்கம் உடனே சிரித்துவிடாது. பல நேரம் கூசிப்போய் உட்கார்ந்திருக்கும். திட்டு நகைச்சுவையாக மாற வேண்டுமானால் அதற்கென்று ஒரு வேலைப்பாடு தேவை. அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க ஆஸ்கர் ஒயில்டின் ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய நாடகம் அது.

இரண்டாம் அங்கத்தில் ஒரு தோட்டக் காட்சி. லண்டன் சீமாட்டியின் மகள் குவெண்டலனும் கிராமத்து மாளிகையில் வளரும் செசிலியும் முதல்முறை சந்திக்கிறார்கள். பார்த்தவுடனே உயிர்த்தோழிகள்! சற்று நேரத்தில், இருவருக்கும் நிச்சயமான மாப்பிள்ளையின் பெயர் எர்னஸ்ட் என்று தெரியவருகிறது. யாருக்கு முதலில் நிச்சயமானது என்று காட்ட நாட்குறிப்புகள் வெளியே வருகின்றன. சண்டை முற்றும் வேளையில் வேலையாள் மெரிமன் தேநீரோடு வந்து நிற்கிறார்.

ஒயில்டின் கைத்திறன் இங்கேதான் தெரிகிறது. வேலைக்காரர்கள் முன்னால் வாய்ச்சண்டை போடுவது அந்த மேட்டுக்குடிக்குப் பெரும் இழுக்கு. அதனால் இருவரும் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றத் தொடங்குகிறார்கள். சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிறாள் செசிலி. அதெல்லாம் இப்போது நாகரிகமில்லை என்கிறாள் குவெண்டலன். செசிலி இடுக்கியை எடுத்து நான்கு கட்டிகளைக் கோப்பையில் போடுகிறாள். கேக்கா, வெண்ணெய் தடவிய ரொட்டியா? நல்ல வீடுகளில் கேக்கைக் காண்பதே அரிது என்று சொல்லி ரொட்டி கேட்கிறாள் விருந்தாளி. அவளுக்குப் போவது பெரியதொரு கேக் துண்டு.

ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, கைகலப்பு கிடையாது. உபசாரம் முழுக்க ஒழுங்காக நடக்கிறது. உபசாரமே அடியாக விழுகிறது. மரியாதை எவ்வளவு இறுக்கமோ, சிரிப்பும் அவ்வளவு பலமாக வெடிக்கிறது. இருவரும் சமபலம் உள்ளவர்கள் என்பதும் முக்கியம். ஒருத்தி மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தால் நமக்கு இரக்கம் வந்துவிடும். போதாததற்கு, எர்னஸ்ட் என்பது இரண்டு வாலிபர்கள் சூட்டிக்கொண்ட பொய்ப்பெயர் என்று நமக்கு முன்பே தெரியும். இல்லாத ஒருவனுக்காக இவ்வளவு நஞ்சு! அதனால்தான் யார் மனமும் புண்படாமல் நாம் சிரிக்க முடிகிறது.

குவெண்டலனின் தாய் பிராக்னெல் சீமாட்டியின் வசை வேறு ரகம். பெண் கேட்க வந்த ஜாக்கை அவர் பென்சிலும் குறிப்பேடும் கையுமாக விசாரிக்கிறார். அவன் தாய் தகப்பனை இழந்தவன் என்றதும் அதை அவனுடைய கவனக்குறைவாகவே பார்க்கிறார். குழந்தையாக விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் கண்டெடுக்கப்பட்டவன் அவன் என்று தெரிந்ததும், சீக்கிரம் ஒரு பெற்றோரையாவது தேடிக்கொள்ளும்படி அறிவுரை சொல்கிறார். இங்கே அடி விழுவது ஜாக்கின் மேல் அல்ல. குலத்தையும் சொத்தையும் வைத்து மனிதரை எடைபோடும் அந்த மேட்டுக்குடியின் மேல்தான். ஒயில்டின் வசைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

கல்லூரி நாடகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தேநீர்க் காட்சியை ஒருமுறை மேடையேற்றிப் பாருங்கள். குரலை மட்டும் உயர்த்திவிடாதீர்கள். மெரிமன் மேடையை விட்டுப் போகும்வரை இருவர் முகத்திலும் புன்னகை இருக்கட்டும்.