இரண்டு இருக்கைக் கார் வாங்கும் எமது பிள்ளைகள்: எந்தத் தரத்தைத் தெரிவு செய்வது?

எண்பதுகளில் லண்டனுக்கு வந்து சேர்ந்த எம்மவரில் பலர் பெற்றோல் நிலையங்களில் இரவு வேலை செய்தே தமது முதற் காருக்குப் பணம் சேர்த்தார்கள். அந்தக் காரில் ஐந்து பேர் ஏற வேண்டும், கடையில் வாங்கும் அரிசி மூட்டையும் வைக்க இடம் வேண்டும். இன்று அவர்களின் பிள்ளைகள் படித்து, வேலையில் சேர்ந்து, இரண்டே இருக்கைகள் உள்ள, கூரை திறக்கும் சிறிய கார் ஒன்றைக் கேட்கிறார்கள். வாங்கலாமா என்ற வாக்குவாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. அதை இங்கே நாம் எடுக்கவில்லை. வாங்குவது என்று முடிவான பின் வரும் அடுத்த கேள்வியை, அதாவது ஒரே காரின் பல தரங்களில் எதை எடுப்பது என்பதை, விளக்குவதே எமது நோக்கம்.

இந்தக் கேள்விக்கு எமது வீடுகளில் வழமையாகக் கிடைக்கும் பதில், "எடுக்கிறதுதான் எடுக்கிறாய், கூடினதாய் எடு" என்பதுதான். குடும்பக் காருக்கு அது ஓரளவு பொருந்தும். எடை குறைந்த விளையாட்டுக் காருக்கு அப்படியே பொருந்தாது.

எடை ஏன் முக்கியம்?

இந்த வகைக் காரின் கதையில் வட லண்டனுக்கு ஒரு பங்குண்டு. ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஹோர்ன்சி தூரமான இடமல்ல. அங்கே ரொட்டன்ஹாம் லேனில், தனது தந்தையாரின் விடுதிக்குப் பின்னாலிருந்த பழைய குதிரை லாயத்தில்தான் கொலின் சப்மன் லோட்டஸ் நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதிலும் பார்க்க காரின் எடையைக் குறைப்பதே சிறந்தது என்பது அவருடைய கொள்கை. எடை குறைந்தால் கார் விரைவாக வேகமெடுக்கும், குறைந்த தூரத்தில் நிற்கும், வளைவில் சாரதி சொன்னபடி திரும்பும். 1957 இல் வந்த லோட்டஸ் செவனும் 1962 இல் வந்த எலானும் அந்தக் கொள்கையில் பிறந்தவை.

எலானைப் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்களை முன்மாதிரியாகக் கொண்டு ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989 இல் எம்எக்ஸ்-5 ஐ வெளியிட்டது. 2016 இல் அதன் பத்து இலட்சமாவது கார் தயாரானது. இன்று லண்டன் வீதிகளில் அதிகம் காணக்கூடிய இரண்டு இருக்கைக் காரும், எமது இளையோர் பலர் தேடும் காரும் இதுதான். எனவே இதையே உதாரணமாக எடுப்போம்.

பெயர்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

2015 இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 பிரித்தானியாவில் எஸ்ஈ-எல், ஸ்போர்ட், ஜிடி ஸ்போர்ட் போன்ற பெயர்களில் விற்கப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் பிரைம்-லைன், எக்ஸ்குளூசிவ்-லைன், ஹோமுரா என்று பெயர்கள் மாறின. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு பெயருக்குள்ளும் கலந்திருக்கும் மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

முதலாவது இயந்திரம். 1.5 லீற்றர், 2.0 லீற்றர் என இரண்டு உண்டு. 1.5 இன் வலு ஏறக்குறைய 130 குதிரைவலு. 2.0 ஆரம்பத்தில் 160 ஆக இருந்து, 2018 இல் 184 ஆக உயர்ந்தது. மணிக்கு 62 மைல் வேகத்தை எட்ட 1.5 க்கு 8 செக்கன்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும், 184 குதிரைவலு உள்ள 2.0 க்கு ஆறரைச் செக்கன்களும் எடுக்கும். லண்டனுக்குள் பெரும்பாலான வீதிகளில் வேக எல்லை 20 அல்லது 30 மைல்தான். அங்கே இந்த வித்தியாசத்தால் பயன் குறைவு. எம்25 வீதிக்கு வெளியே அடிக்கடி ஓடுபவருக்கே 2.0 இன் அருமை தெரியும்.

இரண்டாவது, ஓட்டத்தை மாற்றும் பாகங்கள். வளைவில் ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுற்றாமல் இரண்டு பின் சில்லுகளுக்கும் வலுவைப் பகிரும் டிஃபரன்சியல், கியர் மாற்றி ஓட்டும் 2.0 கார்களில் வருகிறது. 1.5 இல் அது இல்லை. 2.0 ஸ்போர்ட் தரத்தில் பில்ஸ்டைன் அதிர்வு தாங்கிகள் உண்டு. ஹோமுராவின் 2.0 துணிக்கூரைக் காரில் அவற்றுடன் பிரெம்போ பிறேக்கும் பிபிஎஸ் சில்லுகளும் சேர்கின்றன. இவை காரை இறுக்கமாக்கும். பந்தயத் தடத்தில் அது நன்மை. குழி விழுந்த ஈஸ்ற்ஹாம் ஒழுங்கைகளில் அந்த இறுக்கத்தை முதுகு உணரும்.

மூன்றாவது சொகுசு. தோல் இருக்கை, இருக்கைச் சூடு, போஸ் ஒலிபெருக்கிகள், சாவியைக் கையில் எடுக்காமலே திறக்கும் கதவு என்பன இதில் அடங்கும். விலைப் பட்டியலில் அதிக இடம் பிடிப்பவையும் இவைதான். இவற்றுள் இருக்கைச் சூட்டை மட்டும் வீண் செலவு என்று சொல்ல மாட்டோம். இந்த நாட்டில் கூரையைத் திறந்து ஓடக்கூடிய நாட்களை அது கூட்டும். மற்றவை இல்லாவிட்டாலும் காரின் ஓட்டத்தில் எதுவும் குறையாது.

கூரையும் ஒரு தெரிவுதான். துணிக்கூரையைக் கையால் ஒரு சில செக்கன்களில் மடிக்கலாம். ஆர்எஃப் என்ற பெயரில் 2017 முதல் இங்கே விற்கப்பட்ட காரின் கடினக்கூரை மின்விசையில் மடியும், ஆனால் எடை ஏறக்குறைய 45 கிலோ கூடும். இரவில் வீதியோரம் காரை நிறுத்துபவர்கள், கத்தியால் கிழிக்கக்கூடிய துணியை நினைத்து ஆர்எஃப்பைத் தெரிவு செய்வதில் நியாயம் உண்டு.

பழைய கார் வாங்குவோர் தரத்துக்கு முன்பாக ஆண்டைப் பார்க்க வேண்டும். 2018 மாற்றத்துடன்தான் சுக்கானை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி வந்தது. உயரமானவருக்கு, 2016 இன் உயர்ந்த தரத்திலும் 2019 இன் சாதாரண தரமே வசதியானது.

வாங்கிய பின் வரும் கணக்கு

வீதி வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. 2017 மார்ச் 31 வரை பதிவான கார்களுக்குக் கரியமில வாயு அளவின்படி ஆண்டுதோறும் வரி. அந்தக் கணக்கில் 1.5 கியர் கார் கிலோமீற்றருக்கு 139 கிராம், 2.0 கியர் கார் 161 கிராம். ஆகவே 2.0 இரண்டு படிகள் மேலே போகும். 2017 ஏப்ரல் முதல் பதிவானவற்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து இரண்டுக்கும் ஒரே வரிதான்.

2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் நடைமுறையில் உள்ள யூலெஸ் கட்டணம் நாளொன்றுக்கு 12.50 பவுண். நான்காம் தலைமுறைக் கார்கள் அனைத்தும் தப்பிவிடும். மலிவாகக் கிடைக்கும் தொண்ணூறுகளின் காரை ஆசைப்பட்டு வாங்குமுன், பதிவு இலக்கத்தைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய செலவு காப்புறுதி. இருபதுகளின் தொடக்கத்தில் உள்ள பிள்ளைக்கு 1.5 க்கும் 2.0 க்கும் இடையிலான வித்தியாசம் காப்புறுதியில்தான் நன்றாகத் தெரியும். விலை பேசுவதற்கு முன்பே, பார்க்கும் ஒவ்வொரு காரின் பதிவு இலக்கத்துக்கும் தனித்தனியாகக் காப்புறுதி விலை கேளுங்கள்.

இங்கேதான் எமது குடும்பங்கள் பெரிய ஆபத்தில் மாட்டுகின்றன. தொகையைக் கண்டு பயந்து, "அப்பாவின் பெயரில் போடுவோம், மகனை இரண்டாவது சாரதியாகச் சேர்ப்போம்" என்பார்கள். உண்மையில் தந்தை அதிகம் ஓட்டினால் அது சரி. மகன்தான் நாளாந்தம் ஓட்டுகிறார் என்றால் அது மோசடி. விபத்து நடந்தால் நிறுவனம் காப்புறுதியை இரத்துச் செய்யலாம். எதிர்த்தரப்புக்குக் கொடுத்த பணத்தை எம்மிடமே திருப்பிக் கேட்கலாம். காப்புறுதி இல்லாமல் ஓட்டிய குற்றத்துக்கு 300 பவுண் தண்டமும் ஆறு புள்ளிகளும் உண்டு. சோதனை சித்தியடைந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளிகள் பெற்றால் சாரதி அனுமதிப்பத்திரமே பறிபோகும். மீண்டும் எழுத்துச் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். தந்தைக்கும் தப்பில்லை. காப்புறுதி இரத்தானதை அவர் இனி ஒவ்வொரு நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும். ராக்சியோ விநியோக வானோ ஓட்டி உழைப்பவருக்கு அது வயிற்றில் அடிக்கும் விடயம்.

மாதத் தவணையில் எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பிசிபி முறையில் தரத்துக்குத் தரம் உள்ள விலை வித்தியாசம் மாதத்துக்குச் சில பத்துப் பவுண்களாகக் குறுகித் தெரியும். முடிவில் காரைச் சொந்தமாக்க ஒரு பெரிய தொகை காத்திருக்கும். முற்பணம், எல்லாத் தவணைகள், அந்த இறுதித் தொகை மூன்றையும் கூட்டி, அந்த மொத்தத்தையே தரங்களுக்கிடையில் ஒப்பிட வேண்டும்.

எமது முடிவு

சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துச் சில ஆண்டுகளே ஆன, லண்டனுக்குள் அதிகம் ஓடும் பிள்ளைக்கு 1.5 லீற்றர், நடுத் தரம் போதும். அதன் 16 அங்குலச் சில்லுக்குப் பொதுவாக ரயர் விலையும் குறைவு. அனுபவம் உள்ளவர், தூரப் பயணம் போகிறவர், 2018 க்குப் பிந்திய 2.0 ஐத் தேடலாம். பந்தயத் தடத்துக்குப் போகும் எண்ணம் உள்ளவருக்கே பில்ஸ்டைனுக்கும் பிரெம்போவுக்கும் கொடுக்கும் காசு பயன் தரும். இயந்திரத்தையும் டிஃபரன்சியலையும் பின்னர் மாற்றுவது பெருஞ்செலவு. நல்ல ஒலிபெருக்கியைப் பின்னர் பூட்டலாம். ஆனால் எதைப் பூட்டினாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பிள்ளையுடன் இருந்து இந்தக் கணக்கைக் கடதாசியில் எழுதிப் பாருங்கள். கார் விலை ஒரு வரி, காப்புறுதி அடுத்த வரி, அதுவும் ஓட்டுகிறவரின் பெயரிலேயே. அந்தக் கூட்டுத்தொகையைப் பிள்ளையின் சம்பளம் தாங்கும் தரம் எதுவோ, அதுவே அந்த வீட்டுக்கு உரிய தரம்.