ஞாயிறு சிந்தனை: சக்கேயுவின் வீட்டில் இயேசு

எரிகோ என்றதும் நம் நினைவுக்கு வருவது, அந்நகரின் மதில். யோசுவாவின் தலைமையில் இஸ்ரயேல் மக்கள் ஏழு நாள்கள் சுற்றி வந்தபின் அந்த மதில் இடிந்து விழுந்தது என்று, யோசுவா நூல் 6ம் பிரிவில் வாசிக்கிறோம். அதே எரிகோவில் எழுந்த மற்றொரு மதிலைப்பற்றி இன்றைய நற்செய்தி (லூக்கா 19:1-10) பேசுகிறது. இந்த மதிலை எழுப்பியவர்கள், இயேசுவைச் சுற்றி நடந்த மக்கள். வெளியே நின்றவர், சக்கேயு.

எரிகோ, யோர்தான் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே அமைந்துள்ள நகரம். பேரீச்ச மரங்களுக்கும், விலையுயர்ந்த நறுமணப் பிசினுக்கும் அன்று புகழ்பெற்றிருந்தது. யோர்தானுக்கு அப்பாலிருந்து எருசலேம் செல்வோர் இதன் வழியே சென்றனர். சரக்கு போகும் பாதையில் சுங்கம் இருக்கும். அந்தச் சுங்கத்தை வசூலிக்கும் உரிமை, உரோமையர் காலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை எடுத்தவர், குறித்த தொகையை அரசுக்குக் கட்டிவிட வேண்டும். அதற்குமேல் வசூலாவது அவருக்கு. எவ்வளவுக்கு எவ்வளவு கசக்கிப் பிழிகிறாரோ, அவ்வளவு ஆதாயம். சக்கேயு, இத்தகைய வரிதண்டுவோருக்கெல்லாம் தலைவர். 'தூயவர்' என்று பொருள்படும் பெயரைத் தாங்கியவரை, ஊரார் பாவி என்றே அழைத்தனர்.

இவர் இயேசுவைப் பார்க்க விரும்புகிறார். குள்ளமாய் இருந்ததால், கூட்டம் அவரை மறைக்கிறது. சற்று பின்னோக்கிச் சென்று, 18ம் பிரிவின் இறுதியை வாசித்தால், அதே எரிகோவுக்கு அருகே, பார்வையற்ற ஒருவர் இயேசுவை நோக்கிக் கத்தியபோது, முன்னே சென்றவர்கள் அவரை அதட்டி அடக்க முயன்றதைக் காண்கிறோம். ஒருவருடைய குரலையும், மற்றொருவருடைய பார்வையையும் தடுத்தவர்கள், இயேசுவோடு நடந்தவர்கள்தாம். இது நம்மை உறுத்தவேண்டும். கோவிலில் முன்வரிசையில் இருக்கும் நாம், பின்னால் இருக்கும் யாருக்கோ இயேசுவை மறைத்துக்கொண்டிருக்கிறோமா? "இவரெல்லாம் கோவிலுக்கு வந்துவிட்டாரா?" என்று நாம் முணுமுணுத்ததைக் கேட்டு, திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்?

சக்கேயு திரும்பிப் போகவில்லை. முன்னே ஓடி, காட்டு அத்தி மரம் ஒன்றில் ஏறுகிறார். பதவியும் பணமும் உள்ளவர்கள் தெருவில் ஓடமாட்டார்கள். மரம் ஏறுவதைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஊரில் பெரிய அதிகாரி ஒருவர், ஊர்வலம் பார்க்க வேட்டியை மடித்துக் கட்டி மரத்தில் ஏறினால், ஊரே சிரிக்காதா? காட்டு அத்தியோ, தாழ்ந்த கிளைகள் கொண்ட, எளியோர் பழம் பறித்துண்ணும் மரம். இறைவாக்கினர் ஆமோஸ், தன்னைக் காட்டு அத்திமரத் தோட்டக்காரன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஏழைகளின் பணத்தில் உயர்ந்தவர், இயேசுவைக் காண ஏழைகளின் மரத்தில் ஏறவேண்டியிருந்தது. கௌரவம் என்ற தடையை, சக்கேயு அன்று அந்த மரத்தடியிலேயே விட்டுவிட்டார்.

அண்ணாந்து பார்த்த இயேசு, அவரைப் பெயர் சொல்லி அழைத்து, இறங்கி வரச் சொல்கிறார். அன்று அவர் வீட்டில் தங்கப்போவதாகவும் கூறுகிறார். 'முதலில் கணக்கைத் தீர்த்துவிட்டு வா, பிறகு வருகிறேன்' என்று இயேசு நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. இறைவனின் வருகை முதலில் நிகழ்கிறது. மனிதரின் மாற்றம் அதற்குப் பதிலாக எழுகிறது. நாம் தூய்மையான பிறகுதான் இயேசுவிடம் போகமுடியும் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் தள்ளி நிற்போருக்கு, இது நல்ல செய்தி.

ஆனால், கதை விருந்தோடு முடிந்துவிடவில்லை. இன்னும் ஒரு தடை மீதமிருந்தது. அது சக்கேயுவின் பெட்டிக்குள் இருந்தது. அவர் எழுந்து நின்று, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரையாவது ஏமாற்றிப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவிக்கிறார். இதன் கனத்தை உணர, கொஞ்சம் கணக்குப் போடுவோம். செய்த தவற்றை ஏற்றுக்கொள்பவர், பறித்ததை முழுமையாகத் திருப்பி, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரவேண்டும் என்பது, எண்ணிக்கை நூல் 5ம் பிரிவு சொல்லும் சட்டம். தெனாரியம் என்பது, கூலித்தொழிலாளரின் ஒருநாள் ஊதியம். 100 தெனாரியம் பறித்தவர், சட்டப்படி 120 கொடுத்தால் போதும். சக்கேயு 400 கொடுக்க முன்வருகிறார். ஆட்டைத் திருடிக் கொன்றவருக்கோ விற்றவருக்கோ விடுதலைப் பயண நூல் விதிக்கும் நான்கு மடங்கு என்ற கடும் தீர்ப்பை, அவரே தனக்கு எழுதிக்கொள்கிறார்.

நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஏழைகளுக்குப் பாதி சொத்தைக் கொடுத்ததோடு சக்கேயு நிறுத்தியிருந்தால், ஊரார் அவரை வள்ளல் என்று புகழ்ந்திருப்பர். அவர் நிறுத்தவில்லை. தர்மம் வேறு, திருப்பிக் கொடுத்தல் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். கெபி கட்ட நாம் தரும் நன்கொடை, நம் வயலில் வேலை செய்தவருக்குத் தராமல் வைத்திருக்கும் கூலியை ஈடுசெய்யாது. பெருவிழா உபயம், தங்கைக்குச் சேரவேண்டிய பங்கை நம் பெயருக்கு எழுதிக்கொண்டதை மூடிமறைக்காது. ஒப்புரவு அருளடையாளத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது. ஆயினும், பிறருக்கு இழைத்த தீங்கை இயன்றவரை சரிசெய்யும் கடமை நீடிக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதும், கெடுத்த நற்பெயரை மீட்டுக் கொடுப்பதும் இதில் அடங்கும் என்று, கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் (எண் 1459) கூறுகிறது. அதே நூல், வேறோர் இடத்தில் (எண் 2412), இதற்கு எடுத்துக்காட்டாகச் சக்கேயுவையே குறிப்பிடுகிறது.

திருப்பிக் கொடுப்பது எளிதல்ல. சக்கேயு யாருக்குக் கொடுக்கவேண்டும்? வெளியே முணுமுணுத்துக்கொண்டு நின்ற அதே மக்களுக்கு. பணத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலாகச் சென்று, கதவைத் தட்டி நிற்கவேண்டும். மரத்திலிருந்து இறங்கியதைவிடப் பெரிய இறக்கம் அது. ஆனால், அந்த மதில் சரிய வேறு வழியில்லை. அதனால்தான் இயேசு, சக்கேயுவும் ஆபிரகாமின் மகனே என்று எல்லாரும் அறியச் சொல்கிறார். அதாவது, 'கதவைத் தட்டப்போகிறவர் உங்கள் சகோதரர். திறந்து விடுங்கள்' என்று கூட்டத்தையும் அழைக்கிறார். ஒருவர் திருந்தி வரும்போது, அவரது பழைய கணக்கையே பேசிக்கொண்டிருப்பதும் கிறிஸ்துவை வரவேற்கத் தடையாகும்.

நம்மில் சிலர், 'நான் ஏமாற்றியவர் இப்போது உயிரோடு இல்லையே' என்று வருந்தலாம். அவருடைய குடும்பத்தார் இருக்கிறார்கள். எவரென்றே தெரியாதபோது, அத்தொகை ஏழைகளைச் சேரட்டும். மொத்தமாகக் கொடுக்க வசதியில்லையெனில், சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேசாமலே பிரிந்துபோன உறவுக்கு, முதல் தவணை ஒரு தொலைபேசி அழைப்பாகவும் இருக்கலாம்.

எரிகோவைக் கடந்து எருசலேமுக்கு, தன் பாடுகளை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார் இயேசு. அவர் மீண்டும் அவ்வழியே வந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. இந்தப் பகுதியில் 'இன்று' என்ற சொல் இருமுறை ஒலிப்பது, அதனால்தானோ? வாக்குக் கொடுக்க, சக்கேயு மறுநாள்வரை காத்திருக்கவில்லை. இவ்வாரத்தில், நாம் திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒருவரின் பெயரையும், நாம் கதவைத் திறந்துவிடவேண்டிய ஒருவரின் பெயரையும் மனதில் ஏந்தி, திருப்பலியில் பங்கேற்போம். அந்த இருவரிடமும் செல்லும் துணிவை, நம் இல்லம் தேடிவரும் ஆண்டவர் நமக்குத் தரவேண்டுமென்று மன்றாடுவோம்.